தேடினால் வராத மாடியறை

பிப்ரவரி 4

வாலுக்கு,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. உன் அத்தை நன்றாக இருக்கிறாள். நானும் இருக்கிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் உன் குரல் ஏறுகிறது, மூன்றாவது நிமிடத்தில் என் குரல் ஏறுகிறது, நான்காவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் மாடியறை. அதை வாடகைக்கு விடப்போகிறேன் என்று உன் அத்தை மூலம் சொல்லி அனுப்பியதும், மறுபேச்சு இல்லாமல் நீ ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாய். அதற்கு நன்றி. போட்டோக்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் பத்து வாரம் ஆகிவிட்டது, ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. போன் அடிக்கவில்லை. அதில் நீ வைத்திருக்கும் விசாரணைப் படிவத்திலும் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா போன மாதம்தான் தன் கடைக்கு வெப்சைட் போட்டார். தேடிப் பார்த்தால் அவர் கடை முதலாவதாக வந்து நிற்கிறது. நம் அறையைத் தேடினேன். தெருப் பெயரைப் போட்டேன், 'மாடியறை' என்று போட்டேன், 'தனி அறை' என்று போட்டேன். பதினொன்றாம் பக்கம் வரை போனேன். யார் யாருடைய அறையெல்லாமோ வருகிறது, நம்முடையது இல்லை. வெப்சைட் முகவரியை முழுதாக அடித்தால் மட்டும் சமர்த்தாக வருகிறது. முகவரி தெரிந்தவன் எதற்குத் தேடப் போகிறான்?

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். பட்டனை அழுத்தியும் வரவில்லை என்றால் எங்கேயோ ஒரு வயர் விட்டிருக்கிறது என்று அர்த்தம். எந்த வயர் என்று பார்த்துச் சொல்.

வாடகைக்காகத்தான் கேட்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

அப்பா

பிப்ரவரி 15

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கீழே இருக்கும் தபால் பெட்டியை நான் வாரம் ஒருமுறைதான் திறப்பேன், விளம்பரத் தாள்களைத் தவிர எனக்கு எதுவும் வருவதில்லை. அதனால் தாமதம்.

புதிய பக்கம் தேடலில் ஏறக் கொஞ்ச நாளாகும். அதற்குள் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே, பார்ப்பவர் கண்ணில் படாத ஒரு தலைப்பகுதி உண்டு. 'நான் இன்ன பக்கம், எனக்குள் இன்னது இருக்கிறது' என்று தேடுபொறிக்கு மட்டும் சொல்லும் குறிப்புகளை அங்கே எழுதுவோம். அவற்றுக்கு மெட்டா டேக் என்று பெயர். நம் பக்கத்தில் அதெல்லாம் அவசரத்தில் எழுதியது. தலைப்பு என்ற இடத்தில் 'வீடு' என்று மட்டும் இருக்கிறது. உலகத்தில் எத்தனை வீடு?

எனக்கு இரண்டு வேண்டும். ஒன்று தலைப்பு, ஒரே வரி. இன்னொன்று விவரிப்பு. தேடினால் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி வருமே, அதுதான் விவரிப்பு. அதை வைத்து வரிசையில் மேலே ஏற முடியாது. ஆனால் பார்க்கிறவர் உள்ளே வருவதா, தாண்டிப் போவதா என்று அதைப் படித்துத்தான் முடிவு செய்கிறார். தேடுசொற்களை அடுக்கி வைக்க இன்னொரு டேக் முன்பு இருந்தது. ஆளாளுக்குக் கண்டதையும் எழுதி ஏமாற்றியதால் பெரிய தேடுபொறிகள் இப்போது அதைச் சட்டை செய்வதில்லை.

நீங்களே எழுதுங்கள். அறையைத் தேடுகிறவர் என்ன வார்த்தையைத் தட்டுவார் என்று யோசித்து எழுத வேண்டும். நீங்கள் சொல்ல நினைப்பதை எழுதக் கூடாது. தலைப்பு அறுபது எழுத்து, விவரிப்பு நூற்றைம்பது. எண்ணிச் சொல்லும் ஒரு பெட்டியை உங்கள் கணினிக்கு அனுப்பியிருக்கிறேன்.

இங்கே சௌக்கியம். வீடு பதினான்காம் மாடியில். லிஃப்ட் ஒன்பதைத் தாண்டும்போது ஒரு கீச்சுச் சத்தம் போடுகிறது. யாரும் கண்டுகொள்வதில்லை.

மகள்

பிப்ரவரி 27

வாலுக்கு,

உன் பெட்டிக்கு எண்ணத் தெரியவில்லை. 'அப்பா' என்று அடித்தேன். எனக்கு மூன்று எழுத்து. அது ஐந்து என்கிறது. புள்ளியைத் தனி ஆளாகவும் துணைக்காலைத் தனி ஆளாகவும் எண்ணுகிறது. லிஃப்டில் ஏறுகிறவன் கையிலிருக்கும் பையையும் ஓர் ஆள் என்று கணக்குப் போட்டால் எப்படி? நான் தொண்ணூறு எழுத்தில் முடித்ததை அது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது என்று சிவப்பில் காட்டுகிறது. தமிழில் எழுதுகிறவன் பாதியில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இருந்தாலும் எழுதினேன். முதலில் எழுதியது இது:

'மாடியறை வாடகைக்கு. ஜன்னல் சரியாகச் சாத்தாது. மழையில் துணி வைக்க வேண்டும். வீட்டுக்காரர் குறட்டை விடுவார், ஆனால் கீழே.'

தையல்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன். வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "ஐயா, இது விளம்பரமா, வாக்குமூலமா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு என்றேன். "உண்மைய உள்ள வந்தப்புறம் சொல்லிக்கலாம். மொதல்ல ஆள உள்ள வரவைங்க" என்றார்.

அதனால் இரண்டாவதாக இது:

'காற்றோட்டமான மாடியறை. கூடத்தின் வழியாகத்தான் மேலே போக வேண்டும். போகும்போது வீட்டுக்காரரோடு ஒரு வாய் டீ குடிக்கலாம். அவசரம் என்றால் வேண்டாம்.'

எனக்கு இது பிடித்திருக்கிறது. தலைப்பு: 'மாடியறை, உடனே வரலாம்.'

லிஃப்ட் கீச்சிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். வழித்தண்டவாளத்தில் எண்ணெய் இல்லை, அல்லது உருளை தேய்ந்திருக்கிறது. யாரும் கண்டுகொள்வதில்லை என்றால் நீயாவது புகார் எழுது. சாப்பாடெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அப்பா

மார்ச் 12

அப்பாவுக்கு,

பெட்டி சரியாகத்தான் எண்ணுகிறது. கணினிக்குள் தமிழ் எழுத்து அப்படித்தான் துண்டு துண்டாக இருக்கிறது. அதோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

நீங்கள் எழுதியதில் டீயை எடுத்துவிட்டேன். 'உடனே வரலாம்' என்பதையும் எடுத்துவிட்டேன். இப்போது இருப்பது: 'அமைதியான தெருவில் தனிநபருக்கு மாடியறை. கட்டில், மேஜை, அலமாரி உண்டு.' தலைப்பில் அறை, வாடகை, பேட்டையின் பெயர் மூன்றும் வருகின்றன. தேடுகிறவர்கள் தட்டும் வார்த்தைகள் இவைதான்.

கட்டில், மேஜை என்று எழுதும்போதுதான் தோன்றியது. என் சாமான்களை என்ன செய்தீர்கள்? அலமாரியின் கீழ்த்தட்டில் என் வரைபட நோட்டுகள் இருந்தன. போட்டோவில் அலமாரி மூடியிருக்கிறது, அதனால் தெரியவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கமிருந்து நகர்த்தியிருக்கிறீர்கள். அந்த மூலையில் படுத்தால் கண்ணில் வெளிச்சம் படும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அலுவலகத்தில் குளியலறை ஓடு விற்கும் கம்பெனிக்குப் பக்கங்கள் செய்கிறேன். எல்லோரும் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பார்கள், மேஜையிலேயே சாப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். சனி, ஞாயிறு பேச ஆளில்லை. திங்கட்கிழமை காலை முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கிறது. காய்ச்சலா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

எழுதியதையெல்லாம் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். இனிப் பொறுமையாக இருக்க வேண்டும். அவசரமும் இல்லையே. முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் விடுவதென்றால் யோசித்துத்தான் விட வேண்டும்.

மகள்

ஏப்ரல் 9

வாலுக்கு,

இரண்டு செய்தி இருக்கிறது. முதலாவதைப் படித்ததும் போனைத் தூக்காதே, அது முடிந்துபோன விஷயம்.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி மாடியறையைப் பெருக்கப் போனேன். யாராவது திடீரென்று பார்க்க வந்தால் தூசியாக இருக்கக் கூடாது என்று வாரம் ஒருமுறை பெருக்குகிறேன். இறங்கும்போது ஒன்பதாவது படியில் தலை சுற்றியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலை பத்தரை மணி. எழுந்தால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது. போன் கீழே மேஜையில் இருந்தது. தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை. ஒரு மணிக்கு மிஷின் நின்றது. அப்போது கூப்பிட்டிருக்கலாம். அதற்குள் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. ஊரையே ஏற்றி இறக்கியவன் சொந்த வீட்டுப் படியில் மாட்டிக்கொண்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? இரண்டரை மணிக்கு உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து கீழே வந்தேன். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது பரவாயில்லை.

அந்த நாலு மணி நேரம் யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு வாடகை வேண்டாம். பென்ஷன் போதும். எனக்கு வீட்டில் இன்னொரு ஆளின் காலடிச் சத்தம் வேண்டும். காலையில் ரேடியோவில் ஒரு பெண் வணக்கம் சொல்கிறாள், நான் திருப்பி வணக்கம் சொல்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

இரண்டாவது செய்தி. வயர் எங்கே விட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. தையல்காரம்மா தன் கடைப் பக்கத்தைத் தானே செய்தவர். நம் பக்கத்தைத் திறந்து, அதற்கு உள்ளே எழுதியிருப்பதைக் காட்டும்படி ஏதோ செய்தார். நீ சொன்ன தலைப்பகுதி வந்தது. தலைப்பு இருந்தது, விவரிப்பு இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. ரோபாட்ஸ் என்று ஒரு சொல், பக்கத்தில் நோஇண்டெக்ஸ் என்று ஒரு சொல். "இதுதாங்கய்யா. என்னைய எங்கயும் காட்டாதேன்னு தேடுற மிஷின்கிட்ட இந்தப் பக்கமே சொல்லிக்கிட்டு இருக்கு" என்றார்.

பக்கத்தைக் கட்டும்போது அரைகுறையாக வெளியே தெரியக் கூடாதென்று அப்படி எழுதி வைப்பார்களாம், முடிந்ததும் எடுத்துவிட வேண்டுமாம். நீ மறந்திருக்கிறாய். இதற்காக வருத்தப்படாதே. நானும் ஒருமுறை எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு 'பழுது' பலகையை எடுக்க மறந்து வந்துவிட்டேன். மூன்று நாள் எல்லோரும் படியேறியிருக்கிறார்கள். லிஃப்ட் உள்ளே நன்றாகத்தான் இருந்தது. மேலதிகாரி காய்ச்சி எடுத்துவிட்டார். வேலையில் இதெல்லாம் சகஜம்.

எடுத்துவிடு, போதும்.

அப்பா

ஏப்ரல் 17

அப்பாவுக்கு,

நான் மறக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நீங்களே வழியும் காட்டியிருந்தீர்கள். படிக்கட்டு விஷயத்தை மறுபடி படித்தேன், முடியவில்லை.

அந்த வரியை நான் தெரிந்தேதான் எழுதினேன். பக்கம் முடிந்த பிறகு எழுதினேன். தலைப்பை மாற்றியபோதும், டீயை வெட்டியபோதும் அந்த வரி அங்கேயே இருந்தது. நீங்கள் எழுத்து எழுத்தாக எண்ணிக்கொண்டிருந்தபோதும் இருந்தது. நான் என்ன எழுதினாலும் யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே உங்களை எழுதச் சொன்னேன். உங்களிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது, அப்பா. தபால் பெட்டியை இப்போது தினமும் திறக்கிறேன்.

அம்மா இறந்த நான்காம் மாதம் எனக்கு இந்த வேலை கிடைத்தது. வாசல்வரைகூட நீங்கள் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, "போறவளுக்கு இங்க எதுக்கு ரூம்?" என்று கேட்டீர்கள். கோபத்தில் கேட்டது என்று அன்றைக்கே தெரியும். ஆனால் ஒன்றரை வருடம் கழித்து அத்தை போன் செய்து, "அப்பா உன் ரூம வாடகைக்கு விடப்போறாரு, நீயே ஒரு வெப்சைட் போட்டுக் குடேன்" என்றதும், கோபத்தில் கேட்டதில்லை என்று ஆகிவிட்டது. முடியாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் விட்டுவிட்டு வந்தவள். அதனால் சரி என்றேன். எல்லாவற்றையும் அழகாகச் செய்தேன். கடைசியில் அந்த ஒரு வரியைப் போட்டேன். யாரோ ஒருவர் என் கட்டிலில் படுப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் அந்தப் படியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தது என்னால்தான்.

நேற்று வரியை எடுத்துவிட்டேன். பக்கத்தை மறுபடி வந்து பார்க்கும்படி தேடுபொறிக்கும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும்.

மகள்

மே 7

அப்பாவுக்கு,

பதில் இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

நம் அறை இப்போது தேடினால் நான்காவதாக வருகிறது. படிவத்தில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அதன் நகல் எனக்கும் வரும், அதனால் தெரியும். அதில் ஒருவர் ஆஸ்பத்திரி நர்ஸ், பகல் டியூட்டியாம். அவரைப் பாருங்கள்.

மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள்.

மகள்

மே 14

வாலுக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் எழுதினேன். படித்துப் பார்த்தால் எல்லாம் எனக்கே பொருந்துகிறது. கிழித்துப் போட்டேன்.

கோபம் வந்தது உண்மை. நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உன் அத்தையிடம் போய், "என் பொண்ணு எனக்கே பலகை மாட்டியிருக்கா" என்று கத்தினேன். "நீங்க அவள வாசல்ல நிக்கவச்சு என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டாள். ஞாபகம் இருக்கிறது. அதைக் கேட்ட நாற்காலியில்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, அது வந்தது. உன் அம்மா இருந்திருந்தால் எனக்காக அவள் சொல்லியிருப்பாள். முப்பது வருடமாக எனக்குப் பதிலாக அவள்தானே பேசினாள்.

சரி, வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். முதல் ஆள் பெரிய நாயோடு வந்தான். இரண்டாவது ஆள் வந்ததும் வராததுமாகச் சுவரில் எங்கே ஆணி அடிக்கலாம் என்று பார்த்தான். இருவரிடமும் அறை போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்றாவதாக நீ சொன்ன நர்ஸ் அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். குறை சொல்லவே முடியாது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். படியேறும்போது நான் பின்தங்குவதைப் பார்த்து, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அறைக்குள் போனதும் பையை உன் கட்டில் மேல் வைத்தார். களைப்பில் வைத்ததுதான். "எனக்குப் புடிச்சிருக்குங்க ஐயா. எப்ப வரலாம்?" என்று கேட்டார்.

நான், "இல்லம்மா, ஆள் முடிவாயிடுச்சு" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. யார் வரவேண்டும் என்று ஆறு மாதமாக ஏங்கினேனோ, அப்படிப்பட்ட ஆளே வந்து நிற்கும்போது நான் பலகையை மாட்டிவிட்டேன். நீ அந்த வரியை ஏன் எழுதினாய் என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்லங்க. எப்ப வர்றாங்க அவங்க?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நீ சொல். எப்போது வருகிறாய்?

அப்பா

மே 25

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் 'வந்துவிடுகிறேன்' என்று எழுதியிருந்தேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. ஆனால் அது பொய். வருவேன், நாலு நாள் இருப்பேன், திரும்பிவிடுவேன். இங்கே நான் தனியாகத்தான் இருக்கிறேன், சந்தோஷமாக இல்லை. இருந்தாலும் இந்த வேலையை விட்டுவிட்டு அந்த அறைக்குத் திரும்பி வந்தால் ஆறே மாதத்தில் நான் யார்மேலோ கோபமாக இருப்பேன். அந்த யாரோ நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

படியில் தலை சுற்றினால் ஓடிவர வீட்டில் ஓர் ஆள் வேண்டும், அப்பா. அது நானில்லை. இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

படிவத்தில் நர்ஸ் அக்காவின் எண் இருந்தது. நேற்று கூப்பிட்டேன். "அக்கா, அங்க யாரும் வரல. அப்பா பொய் சொல்லிட்டாரு. அது என் ரூமு" என்றேன். "எனக்கு அப்பவே தெரியும்மா. கட்டில்ல பைய வச்சதும் அவர் மூஞ்சி போன போக்கப் பாத்தேன்" என்றார். இன்னும் வேறு இடம் கிடைக்கவில்லையாம். அறை அவருக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். ஜூன் முதல் தேதி பெட்டியோடு வருகிறார். மறுபடி வாசலில் நிற்கவைத்து எதையாவது உளறிவிடாதீர்கள்.

கட்டில் அவருக்குத்தான். ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக் கொடுங்கள். நகர்த்துவதை நீங்கள் செய்ய வேண்டாம், தையல்காரம்மா வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். என் நோட்டுகளைப் பெட்டியில் போட்டு உங்கள் அறையில் வையுங்கள். இதைப் படித்துவிட்டு நான் பெரிய மனது பண்ணிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போனை வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன்.

அவர் வந்து சேர்ந்ததும் சொல்லுங்கள். 'என்னை எங்கும் காட்டாதே' என்ற அந்த வரியை வெப்சைட்டில் திரும்பச் சேர்த்துவிடுகிறேன். இந்த முறை அதில் பொய் இருக்காது.

ஜூலையில் எனக்கு நாலு நாள் விடுமுறை. வந்து மணியடித்தால் அவர்தான் வந்து கதவைத் திறப்பார், நீங்கள் எழுந்து வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். "யாரு வேணும்?" என்று கேட்பார். கேட்கட்டும், அவர் குடியிருக்கும் வீடு. அப்பா வேண்டும் என்று சொல்வேன். கூடத்தில் ஒரு பாய் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

மகள்